பஞ்சு இருமல்

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இதை நானே தட்டச்சு செய்கிறேன், பத்து விரல்களாலும். சென்ற ஆண்டு இதே பருவத்தில் என்னால் ஒரு தோசையைப் பிய்க்க முடியாமல் இருந்தது. அம்மா பிய்த்துத் தட்டில் போடுவாள். நான் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவேன்.

எழுதுவதற்குக் காரணம் உண்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், இணையத்தில் தேடினேன். பயம் மட்டும்தான் கிடைத்தது. எனக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் நிம்மதி. மருத்துவமனையில் என்ன கேட்பார்கள், எதற்காகக் கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாராவது எனக்கு வரிசையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மூன்றாவது விஷயத்தில்தான் எங்கள் குடும்பம் சறுக்கியது. நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒருவகை இருமலை இருமலாக எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு அவிநாசி. வீட்டை ஒட்டிய ஷெட்டில் அப்பா இரண்டு நிட்டிங் மிஷின் வைத்திருக்கிறார். கம்பெனிகள் நூல் அனுப்பும், அப்பா துணியாகப் பின்னித் திருப்பி அனுப்புவார். நான் ஜவுளி வேதியியல் படித்துவிட்டு, திருப்பூருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். என் வேலை நிறம் பிடிப்பது. வெளிநாட்டிலிருந்து உள்ளங்கை அளவு துணித்துண்டு ஒன்று வரும். அதே நிறம் வருவதற்கு எந்தச் சாயம் எவ்வளவு சேர வேண்டும் என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். பிப்பெட் என்கிற கண்ணாடிக் குழாயில் சாயத்தை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக விடுவோம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொன்னபடி கேட்டால்தான் இந்த வேலை நடக்கும்.

ஒரு நாள் காலை என் கட்டைவிரல் கேட்கவில்லை. பிப்பெட் நழுவி உடைந்து, தரையெல்லாம் கருநீலம். பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஜெனிட்டா தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. துடைப்பத்தோடு வந்தவள், "ஏட்டி, ராத்திரி தூங்கலியா நீ?" என்றாள். நன்றாகத் தூங்கியிருந்தேன். விரல்கள்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை. சில வாரங்களாகவே காலையில் விரல்கள் பிசைந்த மாவுபோல் வீங்கி, மதியத்துக்குமேல் மெதுவாக இளகிக்கொண்டிருந்தன. ஆய்வகத்தின் குளிர் என்று நினைத்திருந்தேன். பிறகு இரண்டு மணிக்கட்டும் வீங்கின. அப்புறம் பாதத்தின் முன்பகுதி. பற்பசை மூடி, தலைப்பின்னல், ஸ்கூட்டர் பிரேக் என்று காலையில் என்னால் முடியாதவற்றின் வரிசை நீண்டுகொண்டே போனது. பிரேக் அந்த வரிசையில் சேர்ந்த அன்று அப்பா என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனார்.

மூட்டு மருத்துவரின் காத்திருப்புக் கூடத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, எல்லோரும் விரல்களைப் பார்க்கிறார்கள். எனக்கு எதிரே இருந்த ஒரு பெண்மணியின் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, காற்றில் மடிந்த சோளத்தட்டைபோல் இருந்தன. பதினைந்து வருடமாக வலி மாத்திரை மட்டும் வாங்கிச் சாப்பிட்டேன் என்று அவரே சொன்னார். நான் என் கைகளைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டேன்.

மருத்துவர் என் விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒவ்வொன்றுக்கும் துள்ளினேன். இரத்தத்தில் இரண்டு எதிர்ப்பொருள்களைத் தேடினார்கள், இரண்டும் இருந்தன. முடக்குவாதம் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்கள் மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய உறையை எதிரி என்று எடுத்துக்கொண்டு தாக்குகின்றன. உறை வீங்குகிறது. வீங்கிய உறை கொஞ்சம் கொஞ்சமாக எலும்பை அரிக்கிறது. அரித்த எலும்பு திரும்ப வளர்வதில்லை, அதனால் வீக்கத்தை ஆரம்பத்திலேயே அடக்கினால் கை தப்பும். அடக்கத் தவறினால் விரல் கோணும், கோணியது நிமிராது. இவ்வளவையும் அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. படம் போட்டுக் காட்டக்கூடிய பிரச்சினைக்கு ஒரு வழியும் இருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுப்பது, மூட்டுக்குச் சிறிய அளவில் கொடுக்கிறார்கள். வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார், மருந்துக்கடைக்காரர் ஒரு முறை சொன்னார். அதன் கடுமையைத் தணிக்க வேறு நாளில் ஃபோலிக் அமில மாத்திரை. கூடவே மலேரியாவுக்குக் கொடுக்கிற பழைய மாத்திரை ஒன்று. அதற்காக அவ்வப்போது கண்ணைச் சோதிக்க வேண்டும். இவையெல்லாம் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதுவரை தாங்குவதற்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு. மாதாமாதம் இரத்தத்தில் வெள்ளணுக்களையும் கல்லீரலையும் பார்க்க வேண்டும். இந்த மருந்தில் இருக்கும்போது கருத்தரிக்கக் கூடாது, கல்யாணம் முடிவானால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார். அப்பா அப்போது மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதங்களில் எனக்குக் கிடைத்தவற்றை நான் மறக்கவே போவதில்லை. அம்மா என் உடைகளின் கொக்கி, நாடா எல்லாவற்றையும் பிரித்துவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்தாள். அப்பா ஸ்கூட்டரின் கைப்பிடியில் பனியன் கழுத்துக்கு வைக்கிற தடித்த ரிப் துணியைச் சுற்றிக் கொடுத்தார். ஆய்வகத்தில் நான் அளவைச் சொல்லச் சொல்ல ஜெனிட்டா பிப்பெட்டைப் பிடித்தாள். மேலாளர் பார்த்தால் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் இருக்கும். என்னைவிட அவளுக்கு அனுபவம் அதிகம்.

பாதி குணம் தெரிந்தது. பாதியிலேயே நின்றும் விட்டது. தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கி, காய்ச்சலும் வந்தது. காலைத் தரையில் வைக்க முடியவில்லை. காரின் பின்சீட்டில் நீட்டிப் படுக்கவைத்துக் கொண்டுபோய்க் கோயம்புத்தூரில் சேர்த்தார்கள்.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சலும் வந்தால், முதலில் சீழ் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முழங்காலில் ஊசி போட்டு நீரை உறிஞ்சினார்கள். நல்லெண்ணெய் நிறத்தில் வந்தது. நான் அந்த நிறத்தையே உற்றுப் பார்த்ததைக் கண்டு செவிலியர் திரும்பிக்கொள்ளச் சொன்னார். வலி பிறகுதான் தெரிந்தது. நீரில் கிருமி இல்லை, நோயின் சீற்றம்தான் என்று சொன்னார்கள்.

மறுநாள் மருத்துவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அடுத்த படிக்குப் போகலாம் என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசி. வீக்கத்தைக் கூட்டச் சொல்லி அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சேதி ஒரு புரதமாக இரத்தத்தில் போகிறது. ஊசி மருந்து அந்தப் புரதத்தைப் போகிற வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. இதைக் கேட்டு நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். மற்ற மருந்துகள் தொட்டியில் மொத்தமாகக் கொட்டுகிற ரசாயனம்போல என்றால், இது ஒரே ஒரு சாயத்தை மட்டும் தேர்ந்து பிடிக்கிறது. இப்படி ஒன்றை உருவாக்கியவர்களின் ஆய்வகம் எப்படி இருக்கும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

விலை மிகப் பெரிதாக இருந்தது. கம்பெனிக் காப்பீடு ஒரு பகுதியைத் தரும். வெளிநாட்டு மருந்து வேண்டாம் என்றால் நம் நாட்டிலேயே தயாராவதும் இருக்கிறது, விலை மிகவும் குறைவு என்றார் மருத்துவர்.

"ஒரே துணி, வேற லேபிள்ங்களா டாக்டர்?" என்று கேட்டார் அப்பா.

மருத்துவர் சிரித்தார். ஏறக்குறைய அப்படித்தான், பேட்டர்ன் ஒன்று, தைக்கிற இடம் வேறு, கடுமையாகச் சோதித்துத்தான் வெளியே விடுகிறார்கள் என்றார். அப்பாவுக்கு அதன்பின் சந்தேகமே வரவில்லை. வெளிநாட்டு லேபிளைத் தைத்து அனுப்புகிற ஊர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஊசிக்கு முன் சில சோதனைகள் கட்டாயம். மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி., நெஞ்சுப் படம், காசநோய்க்கான இரத்தப் பரிசோதனை. இரத்தம் எடுக்க வந்த செவிலியர் வரிசையாகக் கேள்விகளும் கேட்டார். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்திருக்கிறதா, நீண்ட நாள் இருமல் யாருக்காவது உண்டா? அப்பா கேன்டீனுக்குப் போயிருந்தார். அம்மா ஒருத்தருக்கும் இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன். எந்தத் தயக்கமும் இல்லாமல்தான் சொன்னேன்.

நெஞ்சுப் படம் சுத்தம். காமாலை இல்லை, எச்.ஐ.வி. இல்லை. காசநோய் இரத்தப் பரிசோதனை மட்டும் பாசிட்டிவ்.

இதன் பொருள் எனக்குக் காசநோய் என்பதல்ல. கிருமி எப்போதோ மூச்சு வழியாக உள்ளே வந்திருக்கிறது. உடம்பு அதைக் கொல்ல முடியாமல், சுற்றிச் சுவர் எழுப்பித் தூங்கவைத்திருக்கிறது. நம் நாட்டில் பலருக்கு இப்படி இருக்கும், வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகும். ஆனால் நான் போட்டுக்கொள்ள இருந்த ஊசி பிடிக்கிற அதே புரதம்தான் அந்தச் சுவரைத் தாங்கி நிற்கிறது. ஊசியைப் போட்டால் வீக்கமும் இறங்கும், சுவரும் இறங்கும். தூங்குகிற கிருமி எழுந்துகொள்ளும்.

ஊசி இனி கிடையாது என்று நினைத்தேன். படுக்கையில் கைகளைப் போர்வைக்குமேல் நீட்டி வைத்து, கோணினால் எந்த விரல் முதலில் கோணும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை நெஞ்சு மருத்துவர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், நாகர்கோவில் பக்கப் பேச்சு. தூங்குகிற கிருமிக்கு ஆறு மாதம் தினமும் ஒரு மாத்திரை, முதல் மாதம் ஒழுங்காக முடிந்தால் ஊசியைத் தொடங்கிவிடலாம் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அது இன்னும் வீட்டில் இருந்தால் மாத்திரை சாப்பிட்டும் பிரயோஜனமில்லை என்றார். மறுபடியும் அதே கேள்வி, வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா?

"அதெல்லாம் ஒருத்தருக்கும் இல்லீங்க," என்றார் அப்பா. சொல்லி முடிப்பதற்குள் இருமினார். ஜன்னல் பக்கம் திரும்பி, துண்டை வாயில் வைத்து, நிதானமாக இருமி முடித்துவிட்டுத் திரும்பினார்.

மருத்துவர் அவரையே பார்த்தார். "இப்ப நீங்க இருமினீங்கல்லா சார்."

"இதுங்களா? இது பஞ்சுங்க."

"பஞ்சா?"

"பஞ்சு இருமலுங்க. நிட்டிங் ஓட்டறமல்லங்க, நூலுப் பஞ்சு பறக்கும். எங்க ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் இருக்கறதுதானுங்க. இது இருமல்ல சேராதுங்க."

அம்மாவும் தலையாட்டினாள். சொல்லப்போனால் நானும் மனதுக்குள் தலையாட்டினேன். எங்கள் ஊரில் மிஷின் ஓட்டுகிறவர் இருமுவது, சமைக்கிறவர் கண்ணைக் கசக்குவது மாதிரி. யார் அதை நோய் என்று சொல்வார்கள்?

எவ்வளவு நாளாக என்று மருத்துவர் கேட்டார். ஆடியிலிருந்தோ என்னவோ என்றார் அப்பா. உடம்பு இளைத்திருக்கிறாரா என்று அம்மாவிடம் கேட்டார்.

"எளைக்கலீங்க. அப்படியேதான் இருக்காரு," என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப வர்ற பனியன்தான் அளவே செரியில்லீங்க. தொண்ணூத்தஞ்சு போட்டுட்டு இருந்தாரு, லூசா தொங்குதுன்னு தொண்ணூறு வாங்குனோம். அதும் தொங்குது. இப்ப எம்பத்தஞ்சு போடறாரு. முன்னாட்டம் அளவு வெச்சுத் தைக்கறதில்லீங்க."

"கட்டிங்ல ஏமாத்தறானுங்க," என்றார் அப்பா.

மருத்துவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அம்மாவின் கை மட்டும் சேலைத் தலைப்பில் அப்படியே நின்றது. தான் சொன்னது அவளுக்கே அப்போதுதான் கேட்டது.

சளியைச் சோதிக்க ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டு மருத்துவர் போனார். அப்பா அதைத் திறக்காமல் மேசைமேல் வைத்தார். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நூல் கொடுக்கிற கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும், மிஷின் ஓட்டுகிற முகேஷ் மூட்டை கட்டிக்கொண்டு பீகாருக்குப் போய்விட்டால் யார் ஓட்டுவது, ஒரம்பரை சொந்தபந்தத்துக்குத் தெரிந்தால் நாளைக்கு இவளுக்கு ஒரு இடம் பார்க்க வேண்டாமா என்று அடுக்கினார். எல்லாம் நியாயமான பேச்சாகவே இருந்தது. டப்பா மேசைமேலேயே இருந்தது.

ஆய்வகத்தில் நிறம் தவறினால் கோபப்பட்டு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு காரணமாக நீக்கிக்கொண்டு வர வேண்டும். எனக்கு அப்போது பயத்தைவிட ஒருவிதப் பரபரப்புதான் இருந்தது. விடை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"அப்பா, பஞ்சு இருமல் லீவு நாள்ல என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அடங்கும். மறுக்கா மிஷின் ஓட்டுனா வரும்."

"தீபாவளிக்கு மிஷின் எத்தனை நாள் நின்னுச்சு?"

"வாரம் பூராமே நின்னுச்சு. எதுக்கு?"

"அப்ப இருமுனீங்களா?"

 அம்மா சொன்னாள், "இருமுனாரு. பட்டாசுப் பொகைன்னாரு."

"இங்க வந்ததுல இருந்து நீங்க மிஷின் பக்கமே போகல. இந்த ரூம்ல பஞ்சு எங்கீங்கப்பா இருக்குது?"

அப்பா அறையைச் சுற்றிப் பார்த்தார். உண்மையிலேயே தேடினார். "தலகாணிக்குள்ள இருக்குமாட்ட இருக்குது," என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள், எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவும் சிரிக்கப் போனவர், சிரிப்பு இருமலாக மாறி, துண்டைத் தேடினார். முடிந்தபின் கட்டிலின் கால்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்கண்ணு, நாந்தான் உனக்குக் குடுத்தேன்னு வந்துட்டா?"

கம்பெனி, முகேஷ், ஒரம்பரை எல்லாம் இதை மூடி வைத்த துணிகள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் உண்மையைத்தான் சொன்னேன். யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. பஸ்ஸில் வந்திருக்கலாம், காலேஜில் வந்திருக்கலாம். வந்ததை மாத்திரை பார்த்துக்கொள்ளும். ஆனால் இனிமேல் வரக்கூடாது, வந்தால் எனக்கு ஊசி கிடையாது. "எனக்கு அந்த ஊசி வேணுமுங்கப்பா," என்றேன்.

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கடைசிக்குப் போனார்.

முடிவு பாசிட்டிவ் என்று வந்தது, அப்பாவுக்குக் காசநோய்தான். வழக்கமான மருந்துகளுக்கே கட்டுப்படும் வகைதான் என்றும் அந்தச் சோதனையே காட்டியது. அந்த நெஞ்சு மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். ஒருவேளை என் இரத்தப் பரிசோதனை தவறுதலாக நெகட்டிவ் என்று வந்திருந்தால், எங்கள் "இல்லை"யை நம்பி ஊசியைத் தொடங்கியிருப்பார்கள். நான் என் சுவரை இறக்கிவிட்டு, இருமுகிற அப்பாவோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்திருப்பேன். அப்பாவும் மிஷினைப் பழி சொல்லிக்கொண்டு நுரையீரல் கரைகிறவரைக்கும் இருமியிருப்பார். எனக்கு ஊசி போடக் கிளம்பித்தான் அவர் நோயைப் பிடித்தோம். 

அப்பாவின் மருந்துகள் அரசுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைத்தன. சுகாதார ஊழியர் ஒருவர் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கும் முகேஷுக்கும் படம் எடுக்க ஏற்பாடு செய்தார். இருவருக்கும் நோய் இல்லை. முகேஷ் ஊருக்குப் போகவில்லை. நீங்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே உட்காருங்கள், மிஷினை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தன் பாதித் தமிழில் அப்பாவிடம் சொன்னாராம். கம்பெனிக்காரரும் நூலை நிறுத்தவில்லை. அவருடைய அண்ணனுக்கும் வந்து குணமானதாம், இவ்வளவு நாள் வெளியே சொல்லவில்லையாம். அப்பா பயந்தவற்றில் ஒன்றும் நடக்கவில்லை.

அப்பாவிடமிருந்து பரவுவது நிற்கும்வரை நான் வேறு இடத்தில் இருப்பது நல்லது என்றார்கள். திருப்பூர் மண்ணரையில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஜெனிட்டாவும் அவள் அக்காவும் இருந்த வீட்டுக்குப் போனேன். முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல், சங்கடமாக இருந்தால் நான் ஹாஸ்டல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஒன்கிட்ட இருந்து பரவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கல்லா," என்றாள் அவள். "பொறவு என்னட்டி யோசிக்க? அந்தப் பக்கம் தள்ளிப் படு."

அந்த மாதம்தான் எனக்கு மிக நீளமானது. கிருமி மாத்திரையும் கல்லீரலைத் தொடும், மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைத் தொடும். எண்கள் ஏறினால் மாத்திரையை நிறுத்த வேண்டும், மாத்திரை நின்றால் ஊசி தள்ளிப்போகும். இதற்கிடையில் நடுவிரல் முட்டி சிவந்து, பேனா பிடிக்க விடவில்லை. இரண்டாவது வாரத்தின் பரிசோதனையில் ஓர் எண் எல்லைக்கு வெளியே போனது. நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் நின்றே அதை மருத்துவருக்கு அனுப்பினேன். கொஞ்சம்தான், பயப்படும் அளவு இல்லை, மெத்தோட்ரெக்சேட்டை இந்த வாரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள் என்று பதில் வந்தது. ஜெனிட்டாவின் அக்கா அந்த வாரம் முழுக்க எண்ணெயே இல்லாமல் சமைத்தாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது கல்லீரலுக்கு உதவியதா தெரியாது, எனக்கு உதவியது. அடுத்த பரிசோதனையில் எண் இறங்கிவிட்டது.

மாதம் முடிந்து கோயம்புத்தூருக்குப் போன அன்று அப்பாவும் வந்தார். அவர் சளியில் அப்போது கிருமி இல்லை. இருந்தாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு ஊசி போடும் அறைக்கு வெளியே, கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மருந்து ஐஸ் பெட்டியிலிருந்து வந்தது. சில்லென்று போட்டால் எரியும் என்று செவிலியர் அதைச் சிறிது நேரம் மேசைமேல் வைத்திருந்தார். பிறகு வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்து, எப்படிக் குத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே போட்டார். எறும்பு கடித்த மாதிரி. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான், இன்னும் ஒரு முறை பார்த்துக்கொண்டால் அப்புறம் நீங்களே போட்டுக்கொள்வீர்கள் என்றார். வெளியே அப்பா, முடிந்ததா என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன். அவர் கண்ணாடிக்கு அப்பால் யாரிடமோ முடிந்தது என்று சொன்னார். அங்கே அம்மா இருந்திருப்பாள்.

காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும், உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி எதையும் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது, வெட்டுக்காயம் பழுத்தால் சொல்ல வேண்டும். இவை எனக்கான விதிகள். இந்த மருந்து எல்லோருக்கும் பிடிக்கும் என்றும் இல்லை. பிடிக்காவிட்டால் வேறு இருக்கின்றன. உங்கள் மருத்துவர் உங்களுக்குச் சொல்வதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இருமல் உண்டா என்று கேட்டால், எந்த இருமலையும் நீங்களே தள்ளிவிடாதீர்கள். அது பஞ்சா புகையா என்று அவர்கள் பிரித்துக்கொள்வார்கள். பஞ்சும் நுரையீரலைக் கெடுக்கும் என்று நெஞ்சு மருத்துவர் சொன்னபிறகு, அப்பா ஷெட்டில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி இரண்டு போட்டிருக்கிறார்.

முதல் ஊசிக்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதற்குப் பிறகு காலையில் விரல்கள் சீக்கிரம் இளகுவதுபோல் இருந்தது. ஆசையில் அப்படித் தோன்றுகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். அப்பாவும் தேறிக்கொண்டிருந்தார், பனியன் இன்னும் தொளதொளவென்றுதான் இருந்தது. மூன்றாவது ஊசியை நானே தொடையில் போட்டுக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே அம்மாவின் சத்தம் கேட்டது. குழாய் திறக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை. அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வந்து இரண்டு கையாலும் முயன்று, மூச்சு வாங்கி, தொட்டிமேல் சாய்ந்துகொண்டார்.

"முகேஷ் வேலையாத்தான் இருக்கும்," என்றார். "ஸ்பேனர் வெச்சு மூடுனானாட்ட இருக்குது. இப்படியா முறுக்குவாங்க?"

நான் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தேன். முந்தின நாள் சாயங்காலம், குழாய் சொட்டுகிறதே என்று போகிற போக்கில் மூடியது நினைவுக்கு வந்தது. மூடும்போது வலிக்கவில்லை என்பதும், வலிக்கவில்லை என்று அப்போது கவனிக்கவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தன.

"நாந்தான் மூடுனேன்," என்றேன்.

அம்மா திரும்பி என் கையைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். பல் தேய்க்கிற கைதானே என்று நானும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.  அம்மா தலைப்பை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"செரி," என்றாள். "அப்ப நீயே வந்து தெற."

வாயில் நுரையோடு போய்த் திறந்துவிட்டேன்.